கீழ் நூல்

போன வருடம் அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பதற்காக லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை எல்லாம் போட்டு முடித்து ‘தொழில்’ என்ற கட்டத்துக்கு வந்தேன். தொட்டால் ஒரு பட்டியல் விழும். நான் யோசிக்கவே இல்லை. ‘இல்லத்தரசி’ என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“அதுல தையல்னு ஒண்ணும் இல்லையா மக்கா?”

திரும்பிப் போய்ப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். தையல் இல்லை. ‘சுயதொழில்’ இருந்தது. அதைத் தொட்டால் வருமானச் சான்று கேட்டது.

“இப்ப நீ தைக்கலையேம்மா” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்று மறுபடியும் அவரைக்காயை எடுத்துக்கொண்டாள்.

அம்மா 1994 முதல் 2012 வரை, 18 வருடம் வீட்டிலிருந்து தைத்தவள். அதில் நானும் ஒரு ஆள். எட்டு வயதில் அந்த வேலைக்குள் வந்தவன். அந்த இரவுகளைப் போலச் சந்தோஷமான இரவுகள் எனக்குப் பிறகு அமையவில்லை என்று இப்போதும் நண்பர்களிடம் சொல்வேன். ஆனால் அது ஒரு தொழில் என்று ஒரு படிவத்தில்கூட நான் எழுதியது கிடையாது. ஏன் எழுதவில்லை என்று யோசிக்கப் போய்தான் இந்தக் கட்டுரை.

*

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீடு. வரிசையாக ஐந்து வீடு, பொதுக் கிணறு, ஒவ்வொரு வீட்டுக்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு முன்னறை. அப்பாவுக்கு ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. 1994-இல் அங்கே சம்பளம் ஒரு மாதம் தள்ளி, பிறகு இரண்டு மாதம் தள்ளி வர ஆரம்பித்தது. அம்மா கல்யாணத்துக்கு முன்பே அரசுத் தேர்வில் தையல் ‘லோயர்’ பாஸ் பண்ணியவள். ‘ஹையர்’ எழுதுவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. தெருவில் போட்டிருந்த சீட்டை எடுத்து, 1,400 ரூபாய்க்கு ஒரு பழைய உஷா கால் மிஷின் வாங்கினாள். வெளிச்சத்துக்காக அதை ஜன்னலோரம் போட்டார்கள். என் படிப்பு மேஜை உள்ளே போனது.

வாசலில் போர்டு வைக்கவில்லை. வைத்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார், கரண்டு பில்லைக் கடை ரேட்டுக்கு மாற்றச் சொல்வார்கள் என்று பயம். அதனால் வெளியே இருந்து பார்த்தால் அது ஒரு வீடு. உள்ளே வந்தால் சுவரில் அடித்த ஆணிகளில் முப்பது நாற்பது பிளாஸ்டிக் பைகள் தொங்கும். ஒவ்வொரு பையிலும் ஒரு ப்ளவுஸ் பிட், ஒரு அளவு ப்ளவுஸ், ஒரு துண்டுச் சீட்டு.

1996 நோட்டில் ரேட் எழுதியிருக்கிறாள். சாதா ப்ளவுஸ் 12 ரூபாய். லைனிங் வைத்தது 22. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க 6. தலையணை உறை ஜோடி 8. டிவி கவர், ஃப்ரில் வைத்து, 35. இன்றைக்கு இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு டிவிக்கு எதற்கு உடுப்பு என்று தோன்றும். அந்தக் காலத்தில் டிவிக்கும் மிக்சிக்கும் ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கும் உடுப்பு உண்டு. மனிதர்களுக்குத் தைத்ததைவிட அதில் லாபம் அதிகம். டிவி குண்டாகாது, மெலியாது, ‘கை கொஞ்சம் பிடிக்குக்கா’ என்று திரும்பி வராது.

வெட்டுவதும் மிதிப்பதும் அம்மா. கொக்கி கட்டுவதும் எம்மிங்கும் ராத்திரி வேலை. அதற்கு நாங்கள் எல்லோரும். பக்கத்து வீட்டு சித்தி, அவள் மகள்கள் இரண்டு பேர், நான். சாப்பிட்டு முடித்துப் பாயைப் போட்டு வட்டமாக உட்காருவோம். ஒரு ப்ளவுஸுக்கு ஆறு கொக்கி. கட்டி முடித்தால் எங்களுக்கு 50 பைசா. கீழே விழுந்த குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்குவது எனக்கு மட்டுமே உரிய வேலை. பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து எடுத்த காந்தம் அது. ரேடியோ பாடும். சித்தி தெருக்கதை எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்லுவாள். ஆம்பளைப் பிள்ளை கொக்கி கட்டுகிற விஷயம் என் வகுப்பில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

பஜாரில் நல்ல டெய்லர்கள் இருந்தார்கள். இருந்தும் பெண்கள் அம்மாவிடம் வந்ததற்குக் காரணம் அந்த முன்னறையின் கதவு. உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச முடிகிற இடம் அது. “அளவு ஜாக்கெட்ல இருந்து ஒரு அரை இஞ்ச் விட்டு வைங்கக்கா” என்று ஒருத்தி சொன்னால் அம்மா நிமிர்ந்து பார்ப்பாள். அவள் சிரிப்பாள். புருஷனுக்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்த கர்ப்பங்கள் உண்டு. ஒருநாள் திருவனந்தபுரத்தில் மார்பில் ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு அத்தை வந்தாள். அம்மா என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறந்தது. அதற்குப் பிறகு அந்த அத்தையின் ப்ளவுஸ்களை மட்டும் எங்களிடம் கொக்கி கட்டத் தரமாட்டாள். உள்ளே பஞ்சு வைத்து ஒரு பக்கத்தை அவளே கையால் தைப்பாள். நோட்டில் அவள் பெயருக்கு நேரே தொகை இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருக்கும்.

*

எங்கள் பக்கம் சீசன் மூன்று. ஆவணியில் ஓணம், ஐப்பசியில் தீபாவளி, மார்கழியில் கிறிஸ்துமஸ். மூன்றுக்கும் துணி வரும். தீபாவளிக்கு முந்தின இரவு மிஷின் நிற்காது. பெண்கள் எங்கள் வாசல்படியிலேயே காத்திருப்பார்கள். “இன்னா முடிஞ்சிட்டு, இப்ப தாரேன்” என்பது அம்மாவின் பல்லவி. ஒரு வருடம் எங்களுடைய துணியைத் தைக்க மறந்தே போனாள். தீபாவளி மதியம் தூக்கக் கலக்கத்தில் எனக்குச் சட்டை தைத்தாள். பாக்கெட் வலது பக்கம் வந்துவிட்டது. அதை நான் பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அலங்கார வேலை பிறகு சேர்ந்தது. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரைத் தெர்மகோலில் வெட்டி, ஜிகினா தூவி மேடையில் ஒட்டினோம். அதைப் பார்த்து அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். பிறகு ஆரத்தித் தட்டு, சடங்கு வீட்டு ஜோடனை, வளைகாப்பு நாற்காலி, திரைச்சீலை. எழுத்து வெட்டுவது என் வேலை. தமிழ் எழுத்துகளில் எனக்குப் பிடிக்காதது கொம்பு. ‘ஜெ’ வெட்டினால் கொம்பு தனித்துண்டு, பசை காய்வதற்குள் விழுந்துவிடும். ஒரு கல்யாணத்தில் ஜெயராணிக்குக் கொம்பு விழுந்து நாள் முழுக்க ஜயராணியாக இருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் சாப்பிடாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2001-இல் ஒரு பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு 24 பட்டாம்பூச்சிகள் கேட்டார்கள். நெட் துணியில் இறக்கை, ஓரத்தில் கட்டுக்கம்பி. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பிள்ளைக்கு மாட்டிப் பார்த்தால் இறக்கை மழையில் நனைந்த கோழி மாதிரித் தொங்கியது. அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “மக்கா, ஓடிப்போய் பழைய குடை இருந்தா கேளு” என்றாள். ஒரு இறக்கைக்கு இரண்டு கம்பி, ஒரு பிள்ளைக்கு நான்கு, மொத்தம் 96. ஒரு குடையில் எட்டுக் கம்பி. 12 குடை வேண்டும். எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும் என்பதால் உடைந்த குடை இல்லாத வீடு கிடையாது. அரை மணி நேரத்தில் 15 குடை சேர்ந்தது. விடிய விடியக் கம்பியை உருவி இறக்கைக்குள் கோத்தோம். மறுநாள் மேடையில் 24 பிள்ளைகளும் கையை விரித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் படித்த எந்தக் கல்லூரி ப்ராஜெக்டிலும் இவ்வளவு நல்ல பொறியியல் செய்ததில்லை.

பள்ளி பாதிப் பணம் தந்தது. மீதியைப் பிறகு தருவதாகச் சொன்னார்கள். நோட்டில் அந்த மீதி இன்னும் நிற்கிறது.

*

மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையால் தைக்கும்போது ஊசியின் காது பின்னால் இருக்கிறது. நூல் முழுவதும் ஒவ்வொரு தையலுக்கும் துணிக்குள் புகுந்து மறுபக்கம் வர வேண்டும். மிஷின் ஊசியில் காது நுனியில் இருக்கிறது. ஊசி துணிக்குள் இறங்கி, திரும்ப ஏறத் தொடங்கும் கணத்தில் மேல் நூல் ஒரு சின்ன வளையமாகத் தளரும். அந்த வளையத்துக்குள் ஷட்டில் புகுந்து பாபினில் இருக்கும் கீழ் நூலைக் கோத்துவிடும். இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும். டென்ஷன் சரியாக இருந்தால் அந்தப் பின்னல் மேலேயும் தெரியாது, கீழேயும் தெரியாது.

கீழ் நூல் தீர்ந்தால் மிஷின் சொல்லாது. சத்தம் அதேபோல் வரும், ஊசி அதேபோல் இறங்கி ஏறும், துணி நகரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா இல்லாத நேரத்தில் ஒரு தலையணை உறை முழுவதையும் நான் அப்படித் தைத்தேன். தூக்கியதும் இரண்டு துணியும் தனித்தனியாகக் கையோடு வந்தன. அம்மா சிரித்துவிட்டு, “மேல பாத்துக்கிட்டே மிதிச்சா இப்படித்தான்” என்றாள்.

இந்த இயந்திரத்தின் வரலாறு ஒரு உடைப்பில்தான் தொடங்குகிறது. பிரான்ஸில் பார்த்தலெமி திமோனியே என்ற டெய்லர் 1830-இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய பாரீஸ் பட்டறைக்குள் மற்ற டெய்லர்கள் புகுந்து இயந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம். நுனியில் காது வைத்த ஊசியும் ஷட்டிலும் சேர்ந்த இயந்திரத்துக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் அதை நடைமுறைக்கு ஏற்றதாக மாற்றினார். இருவருக்கும் வழக்கு நடந்தது, சிங்கர் தோற்றுப் பணம் கட்டினார். 1856-இல் போட்டி நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்துப் பங்கு போட்டுக்கொண்டன. அதே வருடம் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். கொஞ்சம் முன்பணம், மீதி மாதாமாதம். வீட்டுக்குள் இயந்திரம் நுழைந்தது இந்தத் தவணை வழியாகத்தான். அம்மா சீட்டு எடுத்து மிஷின் வாங்கியதும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். முன்பணத்துக்குப் பதில் தெருவின் நம்பிக்கை.

இந்தியாவுக்குள் சிங்கர் 1870களில் வந்தது. நஸர்வான்ஜி மேர்வான்ஜி படேல் என்ற பார்சிக்காரர் அதன் விற்பனையை இங்கே பரப்பினார். ஆனால் இங்கே மிஷின் முதலில் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஆண் டெய்லர்களிடம். 1930களில் கல்கத்தாவில் ஜெய் என்ஜினியரிங் ஒர்க்ஸ் ‘உஷா’ மிஷினைத் தயாரிக்க ஆரம்பித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கட்டில், பீரோவோடு தையல் மிஷினும் சீர்வரிசையில் சேர்ந்தது. ஒரு ஓரக்குறிப்பு. தொழிலாளர்கள் நிர்வாகத்தைச் சூழ்ந்துகொள்ளும் ‘கெராவ்’ பற்றிக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1960களில் சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பு இந்த ஜெய் என்ஜினியரிங் பெயரில்தான் இருக்கிறது. மிஷினைச் செய்தவர்களுக்குச் சூழ்ந்துகொள்ள ஒரு முதலாளி இருந்தார். அதை வாங்கி வீட்டில் மிதித்த பெண்களுக்கு அப்படி யாரும் இல்லை.

காந்திக்கு இயந்திரங்கள் பிடிக்காது என்றுதான் நமக்குப் பாடம். 1924-இல் டெல்லியில் ஒரு மாணவர் அவரிடம் நேரடியாகவே கேட்டார், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று. காந்தி ஒரு விதிவிலக்கு சொன்னார். சிங்கர் தையல் மிஷின். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து அவள்மேல் கொண்ட அன்பால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். மாணவர் விடவில்லை. அந்த மிஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினார். வேண்டும்தான், ஆனால் அது அரசிடம் இருக்க வேண்டும் என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார். அந்த மாணவர் ஜி. ராமச்சந்திரன். எங்கள் பழைய திருவிதாங்கூர்க்காரர், நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவர். பின்னாளில் மனைவி டி.எஸ். சௌந்தரத்தோடு சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கினார்.

காந்தி நம்பிய கதை அழகானது. ஆனால் உண்மை வேறு. சிங்கர் நாடக நடிகராக இருந்தவர். பாஸ்டனில் ஒரு பட்டறையில், வேறொருவருடைய மிஷினில் இருந்த குறையைப் பார்த்து, பணம் சம்பாதிக்கும் வழியாகவே அதில் இறங்கினார். பல பெண்களோடு ஒரே காலத்தில் குடும்பம் நடத்தியவர். 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள். மனைவிமேல் அன்பு வைத்துக் கண்டுபிடித்தார் என்று அவர் வீட்டிலிருந்த யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதில் காந்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குள் நடக்கிற வேலை என்றால் அதற்கு அன்பைத்தான் காரணமாகச் சொல்ல நமக்கு வருகிறது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

*

எங்கள் மாவட்டத்தில் வீட்டுத் தையலுக்கு மிஷினைவிட வயது அதிகம். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி அதில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் பின்னிய லேஸ் ஐரோப்பியக் குடும்பங்களுக்கு விற்பனையானது. திருவிதாங்கூரில் அடிமைமுறை நடப்பில் இருந்த காலம் அது. லேஸ் பின்னிச் சேர்த்த காசால் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன.

மேலாடை விஷயமும் இங்கே சும்மா வந்ததல்ல. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. மேலாடை அணிந்ததற்காகப் பெண்கள் சந்தையில் அடிக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. மிஷனரிப் பெண்கள் தைத்துப் பழக்கிய தளர்ந்த சட்டைக்குக் குப்பாயம் என்று பெயர். பல வருடக் கலவரத்துக்குப் பிறகு 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிட்டது. நான் கொக்கி கட்டிய ப்ளவுஸ்களைப் போட்டவர்களின் பாட்டிகளின் பாட்டிகள் அந்தச் சந்தையில் நின்றிருக்கலாம். இது எனக்குக் கல்லூரி முடிந்த பிறகுதான் தெரியும்.

மால்ட்டுகளின் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது. அதைத் தெரியாமல் தமிழில் யாரும் இலக்கியம் பேச முடியாது. அதே இடையன்குடியில் எலைசா பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையில் வருமானம் வரச் செய்தார். இது பெரும்பாலும் கால்டுவெல்லின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக மட்டும் வரும்.

அந்த லேஸ் பின்னல் ஆந்திராவின் கோதாவரிக் கரையிலும் மிஷனரிகள் வழியாக வேர் பிடித்தது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே நர்சாபூரில் தங்கி எழுதிய புத்தகம் 1982-இல் வந்தது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் லேஸை ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னினார்கள். சமையல், பிள்ளை, தண்ணீர் எல்லாம் போக ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னல். ஆனால் ஏற்றுமதி செய்த ஆண்கள் அவர்களைத் தொழிலாளர் என்று சொல்லவில்லை. வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்கிற கைவேலை என்றார்கள். ஓய்வு நேரம் என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம். மக்கள்தொகைக் கணக்கில் தொழிலாளியாக எழுத வேண்டியதில்லை. மீஸின் வாதத்தின் சாரம் இதுதான்.

படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் குரல் கேட்டது. “சும்மா இருக்க நேரத்துல தைக்கா” என்று விருந்தாளிகளிடம் சொல்லுவார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் சம்பளம் போதவில்லை என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அம்மாவும் அதைத் திருத்தியதில்லை. போர்டு வைக்காத கடைக்கு அந்தப் பேச்சும் ஒரு பாதுகாப்பு.

அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை இருந்தது. 1972-இல் அகமதாபாத்தில் இளா பட் ‘சேவா’ என்ற பெண்கள் தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது தொழிலாளர் துறை தயங்கியது. உங்களுக்கு முதலாளி யார்? முதலாளி இல்லாமல் எப்படிச் சங்கம்? சங்கம் என்பது முதலாளிக்கு எதிராக மட்டும் இல்லை, தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதற்கும்தான் என்று வாதாடி அந்த வருடமே பதிவு வாங்கினார்கள். சேவா போன்ற அமைப்புகளின் முயற்சியால் 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்காக 177-ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வெளியார் ஒருவருக்காகத் தன் வீட்டில் இருந்து கூலிக்கு உற்பத்தி செய்பவர்களைப் பற்றியது அது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை. அம்மா அந்த வரையறைக்குள் சரியாக வரவும் மாட்டாள். அவளுக்கு ஒரு முதலாளி இல்லை, தெரு முழுக்க வாடிக்கையாளர்கள்தான். தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கென்று ஒரு நல வாரியம் உண்டு. அம்மா அதில் பதிந்திருக்கலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றவே இல்லை. தையல் தொழிலாளி என்றால் பஜாரில் கடை வைத்திருப்பவர் என்றுதான் நினைத்தோம்.

*

காப்பீட்டுப் படிவத்துக்குப் பிறகு ஊருக்குப் போனபோது பரணிலிருந்து அம்மாவின் கணக்கு நோட்டுகளை இறக்கினேன். ஏழு இருந்தன. இரண்டைக் கறையான் தின்றிருந்தது. சென்னைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சமாக எக்ஸெலில் ஏற்றினேன். என் வேலையே தகவல்களை அடுக்குவதுதான். இந்த அளவுக்குச் சுத்தமான தகவல் எனக்கு ஆபீஸில்கூடக் கிடைத்ததில்லை. தேதி, பெயர், வேலை, ரேட், முன்பணம், பாக்கி. தேதி விட்டுப்போன ஒரு பதிவு கிடையாது. மிஞ்சிய ஏழு நோட்டில் மட்டும் 8,412 ப்ளவுஸ்.

2005 ஜூலையில் ஒரு பக்கம் வேறு மாதிரி இருந்தது. ‘தம்பி காலேஜ் 18,000’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். என் பொறியியல் முதல் வருடக் கட்டணத்தில் அம்மா தந்த பங்கு. அப்போது சாதா ப்ளவுஸ் 30 ரூபாய். அதாவது 600 ப்ளவுஸ். கொக்கி 3,600. அதில் ஒரு பகுதியை நானே கட்டியிருக்கிறேன்.

அதே வாரம் நான் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பினேன். அப்பாவின் தொழில்: கிளார்க். அம்மாவின் தொழில்: ஹவுஸ்வைஃப். என் கையெழுத்தில், என் பேனாவால். அம்மா அப்போது பக்கத்து அறையில் மிதித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் எழுதினேன். டெய்லர் மகன் என்று கல்லூரியில் தெரிய வேண்டாம் என்ற கூச்சம் அதில் இருந்தது என்பதை இப்போது மறைப்பதில் அர்த்தமில்லை.

2012-இல் எனக்குச் சம்பளம் நன்றாக வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது. “இனி எதுக்கும்மா கால் வலிக்க மிதிச்சிக்கிட்டு, நான் இருக்கேன்ல” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அவ்வளவு பெரிய காரியம் செய்வதாக நினைப்பு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த வேலையை முடித்துக்கொடுக்க ஒன்றரை மாதம் ஆனது. மிஷினைச் சித்தியின் மூத்த மகளுக்குக் கொடுத்தாள். பிறகு என்னோடு சென்னைக்கு வந்தாள்.

இங்கே அவளைத் தேடி யாரும் வருவதில்லை. அவளுடைய ப்ளவுஸ்களை அப்பார்ட்மெண்ட் பக்கத்துக் கடையில் 650 ரூபாய் கொடுத்துத் தைக்கிறோம். முதல் தடவை வந்தபோது அதை வாங்கி, போட்டுப் பார்க்காமல், உட்புறத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “உள்ள ஓரம் அடிக்கல” என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு உற்சாகம் வந்தது அப்போதுதான். வலிக்கும் காலுக்கு ஒரு மோட்டார் வாங்கிப் போட்டிருக்கலாம், தினமும் இரண்டு மட்டும் தை என்று சொல்லியிருக்கலாம். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம். நான் அவளுடைய தொழிலை மூடிவிட்டு, அதை ஓய்வு என்று சொல்லிக்கொண்டேன்.

எக்ஸெல் முடிந்ததும் அவளிடம் காட்டினேன். வருடவாரியாக, வேலைவாரியாக. சிரத்தையாக ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தின் பட்டாம்பூச்சிப் பாக்கியைப் பார்த்துச் சிரித்தாள். தொகை இல்லாத வரிசைகளில் நான் பூஜ்யம் போட்டிருந்தேன். அங்கே விரலை வைத்தாள்.

“இது பூஜ்யம் இல்ல மக்கா. நான் கோடுல்லா போட்டிருக்கேன்.”

“ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?”

“பூஜ்யம்னா வரல. கோடுன்னா கேக்கல.”

அந்த வரிசைகளை எண்ணிப் பார்த்தோம். 61. ஒவ்வொன்றிலும் பூஜ்யத்தை எடுத்துவிட்டுக் கோடு போட்டேன்.

மறுநாள் காப்பீட்டு ஆளுக்கு போன் பண்ணி, அம்மாவின் தொழிலை மாற்ற முடியுமா என்று கேட்டேன். இப்போது வேலை செய்கிறார்களா என்று கேட்டார். இல்லை, 18 வருடம் சொந்தத் தொழில் செய்தார், 2012-இல் நிறுத்திவிட்டார் என்றேன். அந்த ஆள் சாதாரணமாக, “அப்போ ரிட்டயர்ட்னு போட்டுக்கலாம் சார்” என்றார். இவ்வளவு சுலபமான ஒரு சொல் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். உன்னை ரிட்டயர்டுன்னு போட்டாச்சும்மா என்று.

“நான் எங்க மக்கா ரிட்டயர் ஆனேன்? நீதானே ஆக்கினே” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.